நாளைக்குக் கச்சான்

ரொறன்ரோவில் தமிழ் வீட்டில் வளர்ந்தவரைக் கண்டுபிடிப்பது லேசு. வெளியே இறங்குமுன் தன் ஜக்கற்றின் கையை மூக்கருகே கொண்டுபோய் ஒருதடவை மணந்து பார்ப்பார். எங்கள் மல்வேர்ன் வீட்டில் அம்மா அடுப்பில் சட்டியை வைத்ததும் ஓர் அறிவித்தல் வரும்: "தாளிக்கப் போறன், ஜக்கற்றுகளை எடுங்கோ!" உடனே அப்பாவும் நானும் தங்கச்சியும் கதவடியில் தொங்கும் குளிர் உடுப்புகளை அள்ளிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடுவோம். அறைக் கதவைச் சாத்தி, அடியில் துவாயைச் செருகிய பிறகுதான் மூச்சு விடுவோம். (அப்படியும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை, "உங்கள் வீட்டில் நேற்று மீனா?" என்று சரியாகக் கேட்டாள். அவள் இப்போது என்ன வேலை செய்கிறாளோ தெரியாது. சுங்கப் பகுதியில் எடுத்திருப்பார்கள்.)

ஆகவே மணத்தை மறைப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஒரு மான் ஒரே மூச்சில் ஊதித் தள்ளியது. நான் சொல்லப்போவது அந்தக் கதை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஜெசி என்னோடு வேலை செய்தவள். இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்பினோம். என் வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. அம்மாவுக்கு ஜெசியை என்னைவிடப் பிடிக்கும். ஜெசி வீட்டில்தான் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவின் பெயர் அன்ரன். ஜெசியின் அண்ணா. தகப்பன் இல்லாத வீட்டில் பதினெட்டு வயதிலிருந்து உழைத்துத் தாயையும் தங்கச்சியையும் பார்த்தவர். தாயைக் கேட்டால், "அன்ரன் ஓம் எண்டால் எனக்கும் ஓம்" என்பார். அன்ரன் அண்ணையைக் கேட்டால், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பார்ப்பார். வீடுகளுக்குக் குளிர்கால ஹீற்றர் பூட்டுவது அவர் தொழில். என்னையும் பழுதான ஹீற்றரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு சோடி மான்கொம்பு தொங்கியது. அன்ரன் அண்ணை துவக்கால் சுடுபவரல்லர், வில்லும் அம்பும்தான். எதையாவது பேசி நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்ற அவதியில், "எனக்கும் வேட்டையில சரியான விருப்பம் அண்ணை" என்று சொன்னேன். மேசைக்குக் கீழே ஜெசி என் காலில் உதைத்தாள்.

"அப்பிடியோ? என்ன வில்லு பாவிக்கிறனி?"

"பெருசு அண்ணை."

அவர் எழுந்துபோய்த் தன் வில்லைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் அதை வாங்கி, தெரிந்தவன்போலத் தூக்கிப் பார்த்து, "நல்ல பாரம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து வில்லை வாங்கி, நேராகத் திருப்பி, மறுபடி தந்தார்.

கார்த்திகை மாதத்தில் அழைப்பு வந்தது. ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு விவசாயியின் காணியில் அவர் வேட்டையாடுவார். அங்கே ஒரு மானை மூன்று வருடமாகப் பார்த்து வைத்திருந்தார். அதற்குச் சம்மாட்டி என்று பெயர். (வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் முதலாளியை ஜெசி குடும்பத்தின் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்களாம். அந்த மானின் நடை அப்படி.) "லைசென்ஸ் இல்லாமல் நீ வில்லைத் தொடேலாது. பக்கத்தில இருந்து பார்" என்றார்.

நான் குதித்துக்கொண்டு ஜெசியிடம் ஓடினேன். அவள் குதிக்கவில்லை.

"அண்ணா ஒருத்தரையும் அங்க கூட்டிக்கொண்டு போறேல்லை. உன்னைக் கூப்பிடுறது மானைப் பாக்க இல்லை, சுதன். உன்னைப் பாக்க. வந்து எனக்கு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுவார். பிளீஸ், அவர் சொல்லுறதை மட்டும் செய். ஓவரா ஒண்டும் செய்யாதை."

எனக்கு ஓவராகச் செய்யாமல் ஒன்றும் செய்யத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

அன்ரன் அண்ணை போனில் விதிமுறைகளைச் சொன்னார். "மான் கண்ணைக்கூடப் பெருசா நம்பாது. மூக்கைத்தான் நம்பும். நீ நாள் முழுக்க அசையாமல் இருந்தாலும் உன்ர மணம் அதுக்குப் போச்சோ, எல்லாம் முடிஞ்சுது." சவர்க்காரம் வாசனையில்லாததாக இருக்கவேண்டும். பவுடர், சென்ற், தலைக்கு எண்ணெய் ஒன்றும் கூடாது. உடுப்பை வாசனையில்லாத தூளில் கழுவி, வெளியே காயவிட்டு, மூடி இறுக்கமான பெட்டிக்குள் போட்டுக் காட்டுக்குக் கொண்டுவந்து அங்கேதான் மாற்றவேண்டும். போகிற வழியில் பெற்றோல் அடிக்கக்கூடாது. "எல்லாத்தையும்விட முக்கியம் காத்து. காத்து பிழை எண்டால் நான் போகவே மாட்டன். முதல்நாள் உனக்குச் சொல்லுவன்" என்றார்.

வியாழனும் வெள்ளியும் எங்கள் வீட்டில் சமையல் தடை போட்டேன். அம்மா வெங்காயத்தைக் கையில் எடுத்தாலே நான் அறையிலிருந்து கத்தினேன். இரண்டு நாளும் பாணும் பட்டரும்தான். அப்பா பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவன் கலியாணம் கட்ட முதல் நாங்கள் செத்துப்போடுவம் போல" என்றார். அம்மா ஜெசிக்குப் போன் எடுத்து, "பிள்ளை, உங்கட கொண்ணர் இவனை என்ன சாமியாராக்கப் போறாரோ?" என்று கேட்டதை நான் பிறகுதான் அறிந்தேன்.

வெள்ளி பின்னேரம் அன்ரன் அண்ணையிடமிருந்து செய்தி வந்தது. தமிழில்தான் அனுப்புவார், எப்போதும் சுருக்கமாக.

"நாளைக்குக் கச்சான். அதை நம்பித்தான் போறம். ஒரு மணிக்கு வா."

நான் அதை மூன்று தடவை வாசித்தேன். கச்சான். நிலக்கடலை. கோயில் திருவிழாவுக்குப் போனால் கடதாசிச் சுருளில் சூடாக வாங்கித் தின்போமே, அதுதான். கோதுடன் மணலில் வறுத்த கச்சான் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சாமி புறப்பட்டதாகவே தோன்றாது. ஆனால் வேட்டைக்கு எதற்கு? மணமே கூடாது என்ற மனிதர் கச்சானை நம்பிப் போகிறோம் என்கிறாரே? அரை மணித்தியாலம் யோசித்தேன். யோசித்ததுதான் பிழை. இணையத்தில் தேடியபோது, மானுக்குக் கொட்டை வகைகள் உயிர் என்று இருந்தது. சில வேட்டைக்காரர் ஓக் மரத்துக் கொட்டை வாசனையைப் போத்தலில் வாங்கி உடுப்பில் பூசுவார்களாம். எனக்குள் விளக்கு எரிந்தது. மனித மணத்தை மறைக்கக் கச்சான் மணம்! யாழ்ப்பாணத்து மூளை என்றால் இதுதான் என்று அன்ரன் அண்ணையை மனதுக்குள் மெச்சினேன்.

அளவு தெரியவேண்டுமே. "எவ்வளவு அண்ணை?" என்று அனுப்பினேன்.

"பதினைஞ்சு. பின்னேரம் கூடலாம்."

பதினைந்து என்ன? இறாத்தலா? இரண்டு பேருக்குப் பதினைந்து இறாத்தல் கச்சான் மனிதர் தின்கிற அளவில்லை. பதினைந்து சுருள்தான் என்று முடிவு கட்டினேன். பின்னேரம் கூடலாம் என்பதால் மேலும் மூன்று.

தமிழ்க் கடைக்கு ஓடிப் பச்சைக் கச்சான் வாங்கிவந்தேன். அம்மாவிடம் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்த அடுப்பு எரிந்தது. மணலுக்குப் பதில் கல்லுப்பைச் சட்டியில் கொட்டி, சூடேற்றி, கச்சானைப் போட்டு வறுத்தார். வீடு கோயில் வீதிபோல மணத்தது. நானும் அப்பாவும் விளம்பரப் பத்திரிகைகளைக் கிழித்துச் சுருள் சுற்றினோம். பதினெட்டுச் சுருளையும் மூன்று பிளாஸ்ரிக் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இறுக்கிக் கட்டினேன். தேவையான நேரத்தில்தானே மணம் வரவேண்டும்!

சனிக்கிழமை ஒரு மணிக்கு முன்பே காணிக்குப் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு நின்றேன். அன்ரன் அண்ணை தன் ரக் வண்டியில் சாய்ந்தபடி மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கிலிருந்து குளிர்காற்று சீராக வந்தது.

"கச்சான் கிடக்கு" என்றார் திருப்தியாக.

நான் முதுகுப் பையைத் தட்டிக் காட்டினேன். "ஓம் அண்ணை, கிடக்கு."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு நடந்தார். (இன்றுவரை அவர் சொல்வது: "இவன் ஏன் காத்து கிடக்குது எண்டு முதுகைத் தட்டுறான் எண்டு யோசிச்சனான். பட்டணத்துப் பெடியன், ஏதோ ஸ்ரைல் எண்டு விட்டிட்டன்.")

வயலின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய மரத்தில் ஏணி சாய்த்துக் கட்டியிருந்தது. அதன் உச்சியில் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஓர் இருக்கை. ஏறி, இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தோம். எதிரே மேற்கில் சதுப்பு நிலமும் அடர்ந்த மரங்களும். மான்கள் பகலில் அதற்குள் படுத்திருந்து பொழுது சாயும் நேரத்தில் வயலுக்கு வருமாம். காற்று அங்கிருந்து எங்களை நோக்கி வந்தால் எங்கள் மணம் பின்னால் ரோட்டுப் பக்கம் போய்விடும். அதை அவர் என் காதுக்குள் சொன்னார். வில்லின் நுனியில் ஒரு மெல்லிய கம்பளி நூல் கட்டியிருந்தது. அது எங்கள் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அவர் வயலைப் பார்த்ததைவிட அந்த நூலைத்தான் அதிகம் பார்த்தார்.

மூன்று மணித்தியாலம் அசையவில்லை. எனக்குக் கால் விறைத்தது, பிறகு இல்லாமலே போனது. தும்மல் ஒன்றை விழுங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது. அன்ரன் அண்ணைகூட ஒருதடவை என் பக்கம் திரும்பி, மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எனக்குக் கலியாண மண்டபமே தெரிந்தது.

நாலு மணிக்குச் சம்மாட்டி வந்தான்.

மரங்களுக்குள்ளிருந்து முதலில் கொம்புகள், பிறகு கழுத்து, பிறகு முழு உடம்பும். அவ்வளவு பெரிய உயிர் ஒரு சருகையும் மிதிக்காமல் வந்தது. எனக்குப் பயம் வரவில்லை; அழகாகத்தான் இருந்தது. அன்ரன் அண்ணையின் கை மெதுவாக வில்லுக்குப் போனது. மான் நாற்பது அடி தூரத்தில் நின்றது. அப்போது காற்று விழுந்தது.

நூல் செத்த புழுப்போலத் தொங்கியது. பிறகு மெல்ல எழும்பி மற்றப் பக்கம், மானை நோக்கி ஆடத் தொடங்கியது. அன்ரன் அண்ணை கல்லாகிவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. செபம் சொல்வதுபோல, மூச்சுக்குள் கெஞ்சினார்.

"கச்சான்... கொஞ்சம் கச்சான்... கொஞ்சம் காணும்..."

இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் மன்னித்துத்தான் வாசிக்கவேண்டும். மூன்று மணித்தியாலம் நான் காத்திருந்த அழைப்பு அது. அவர் கேட்டுவிட்டார். கொஞ்சம் போதுமாம். நான் மடியிலிருந்த முதுகுப் பையை மெல்லத் திறந்தேன். முதலாவது பிளாஸ்ரிக் பை. சரக். இரண்டாவது. சரக் சரக். மூன்றாவதை அவிழ்க்க முடியாமல் பல்லால் கிழித்தேன். அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே வானத்துக்கு எழும்பியது. ஒரு சுருளை எடுத்து, விரித்து, வில்லை இழுக்கத் தொடங்கியிருந்த மனிதரின் மூக்குக்கு நேரே பக்தியோடு நீட்டினேன்.

"இந்தாங்கோ அண்ணை, கச்சான்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. மானும் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பார்த்தார்கள். மான் தலையை உயர்த்தி, நாக்கால் மூக்கை ஒருதடவை நக்கிக் காற்றை இழுத்தது. வாழ்நாளில் ஒருபோதும் அறியாத மணம் என்று தீர்மானித்திருக்கவேண்டும். முன்னங்காலால் நிலத்தில் ஓங்கி அடித்தது. "ப்ஷ்ஷ்ஷ்" என்று பிறஷர் குக்கர் விசிலடிப்பதுபோல மூக்கால் ஊதியது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் மரங்களுக்குள் போய்விட்டது. போன பிறகும் உள்ளேயிருந்து இரண்டு தடவை ஊதி, காட்டிலிருந்த மற்ற உயிர்களுக்கெல்லாம் என்னைப்பற்றிச் சொன்னது.

என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சுருளிலிருந்து கச்சான் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

"என்ன உது?" என்றார் அன்ரன் அண்ணை. குரல் மிக அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"கச்சான் அண்ணை. நீங்கள்தானே நாளைக்குக் கச்சான் எண்டு அனுப்பினியள். பதினைஞ்சு எண்டியள். நான் பதினெட்டுக் கொண்டுவந்தனான். பின்னேரம் கூடலாம் எண்டு சொன்னபடியால்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி," என்றார் கடைசியில், "கச்சான் எண்டால் மேற்கால வாற காத்து."

கடற்கரை ஆட்கள் காற்றுக்குத் திசைப்படி பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கால் வந்தால் சோளகம், கிழக்கால் வந்தால் கொண்டல், மேற்கால் வந்தால் கச்சான். பதினைந்து என்றது மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர். வள்ளம் ஓட்டிய பரம்பரைக்குக் கச்சான் காற்று. ஒன்பது வயதில் மல்வேர்னுக்கு வந்து கோயில் வீதியில் நின்ற எனக்குக் கச்சான் கடலை. ஒரே தமிழைப் பேசிக்கொண்டு இரண்டு பேர் ஒரு மரத்தில் இருந்திருக்கிறோம்.

இறங்கினோம். ரக் வரைக்கும் அவர் முன்னால் போனார். நான் பின்னால் நடந்தேன். மூன்று வருடம் பார்த்த மான். ஒரு மனிதரின் மூன்று வருடத்தை ஒரு சுருளில் சுற்றி ஊதிவிட்டேன். அதைவிடப் பெரிதாக, ஜெசியின் முகம் கண்ணில் வந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், ஓவராகச் செய்யாதே என்று. அன்ரன் அண்ணை இல்லை என்றால் அவள் அண்ணாவை மீறி வரமாட்டாள். வா என்று நானும் கேட்கமாட்டேன். எனக்கு அழுகை வந்தது. இருபத்தொன்பது வயது ஆம்பிளை, உடம்பெல்லாம் இலைபோட்ட உடுப்பு, முதுகில் பதினேழு சுருள் கச்சான், கண்ணில் தண்ணீர்.

ரக்கடியில் மனதிலிருந்ததைக் கொட்டிவிட்டேன். "அண்ணை, எனக்கு வேட்டையைப் பற்றி ஒண்டும் தெரியாது. பொய் சொன்னனான். ஜெசிக்காகத்தான் வந்தனான். நீங்கள் இல்லை எண்டு சொன்னாலும் பிழையில்லை. ஆனால் அவளில கோவிக்காதேங்கோ. அவள் எனக்கு ஒழுங்காத்தான் சொல்லிவிட்டவள்."

அவர் ரக்கின் பின்கதவை இறக்கி, அதில் ஏறி இருந்தார்.

"வேட்டை தெரியாதெண்டு வில்லைத் தலைகீழாப் பிடிக்கேக்கையே தெரியும்" என்றார். "ரெண்டு நாளா உங்கட வீட்டில சமைக்கேல்லையாமே? கொம்மா ஜெசிக்குப் போன் எடுத்து அழுதவவாம்."

"ஓம் அண்ணை."

"நான் சொன்னதுக்கோ?"

"ஓம் அண்ணை. மணக்கக் கூடாதெண்டு சொன்னியள்."

"பதினைஞ்சு எண்டு சொன்னதுக்குப் பதினைஞ்சு சுருள் சுத்தினனியோ?"

"அப்பாவும் சுத்தினவர் அண்ணை."

அவர் கையை நீட்டினார். எனக்கு விளங்கவில்லை. "கொண்டா" என்றார். ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தேன். கோதை உடைத்து ஒன்றை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று. மூன்றாவதில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கோபமென்று நினைத்து நான் ஓரடி பின்னால் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் தொடங்கிய சிரிப்பு வயல் முழுக்கக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூக்குக்கு நேர... வில்லை இழுக்கேக்க... இந்தாங்கோ அண்ணையாம்!" என்று மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையும் நின்றபாடில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஜெசி. மூன்று மணித்தியாலமாக அவள் நகம் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனை ரக்கில் வைத்தார்.

"அண்ணா, என்ன நடந்தது? மான் கிடைச்சதோ?"

அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தபடி இன்னொரு கோதை உடைத்தார்.

"மான் தப்பிட்டுது" என்றார். "மச்சான் அகப்பட்டிட்டான்."

மறுபக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தங்கச்சியைக் கட்டப்போகிறவனை அல்லாமல் வேறு யாரையும் அவர் அந்த முறை சொல்லிக் கூப்பிடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

கலியாணம் கோயிலிலும் தேவாலயத்திலுமாக இரண்டு தடவை நடந்தது. இரண்டிலும் ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. ஜெசியின் சொந்தக்காரர் எல்லாருக்கும் நான் அன்றிலிருந்து கச்சான் மச்சான்தான். ஒஷாவாவில் முன்பின் அறியாத ஒரு அன்ரிகூட என்னைக் கண்டதும், "நீர்தானே தம்பி அந்தக் கச்சான்?" என்று கேட்டிருக்கிறார். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. சிநேகிதிகளுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "மை டாட் ஒன்ஸ் ஃபெட் பீனட்ஸ் டு எ ஹண்டர்" என்கிறாள்; வேட்டைக்காரனுக்குக் கச்சான் ஊட்டிய அப்பாவாம் நான்.

சம்மாட்டி பிறகு அந்தக் காணிப் பக்கம் வரவேயில்லை. அன்ரன் அண்ணை ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையும், சீசன் தொடங்குவதற்கு முதல்நாள், எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பதினைந்து சுருள் வறுத்து வாங்கிக்கொண்டு போகிறார். காட்டுக்கு என்னைக் கூட்டிப்போவதில்லை. கச்சானைக் கொண்டுபோய் ரக்கில் வைத்துப் பூட்டிவிட்டு, வில்லோடு தனியாக நடக்கிறார். மான் கிடைக்காத நாட்களில் திரும்பி வந்து ரக்கின் பின்கதவில் இருந்து எனக்குப் போன் எடுப்பார். கோது உடைகிற சத்தம்தான் முதலில் கேட்கும்.

"மச்சான்," என்பார், "இண்டைக்கும் ஒண்டும் இல்லை. ஆனால் உன்ர காத்து நல்லா இருக்கு."